இடது கையில் ஒரு துணிப்பை

ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் என் அப்பாவுக்குக் காவலிருக்கும் வேலை எனக்குக் கிடைத்தது.

அப்பா கம்பத்திலிருந்து கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டியவர். மாசியில் பக்கவாதம் வந்து வலது கை துவண்டுவிட்டது. நல்ல கை சும்மா இருந்தால்தான் வராத கை வேலை பழகும் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த அக்கா சொல்லியிருந்தார். அதனால் தினமும் காலையில் அம்மா அவருடைய இடது கையைத் துணிப்பைக்குள் விட்டு மணிக்கட்டில் நாடாவை இறுக்குவாள்.

"ஒம்பது மணி வரைக்கும் அவுக்காத. அப்பா கெஞ்சுவாக, திட்டுவாக. நீ அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தோட்ட வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.

ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மொச்சையைப் பொறுக்கிப் போடுவதுதான் பயிற்சி. விரல்கள் பாதி மடங்கும், மொச்சை நழுவும். எதிரே நான் வாத்தியார் மாதிரி உட்கார்ந்திருப்பேன். அந்த அதிகாரம் எனக்கு ருசித்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "ஒண்ணுக்குப் போகணும் ஆத்தா" என்பார். அவிழ்த்துவிட்டால் கொல்லையில் நின்று பீடி பற்றவைப்பார். இரண்டு முறை ஏமாந்தேன்.

மூன்றாம் முறை அசையவில்லை.

"நெசமாத்தான் சொல்றேன், அவுத்துவிடு."

"பொய். பீடிக்குத்தான போறீக?"

"ஏ புள்ள, சொன்னாக் கேளு!"

அவர் எத்திய கிண்ணம் சுவரில் மோதி மொச்சை சிதறியது. நான் கதவை மறித்து நின்று கடிகாரத்தைக் காட்டினேன். இன்னும் இருபது நிமிடம். அவர் நாடாவைப் பல்லால் இழுத்தார். வலது விரல்களால் முடிச்சைத் தடவினார், பிடிபடவில்லை. திடீரென்று எல்லாம் அடங்கியது. அவருடைய கைலி நனைந்து, தரையில் ஈரம் பரவியது.

ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாளியை இழுத்து, தரையைத் தானே கழுவினார்.

சாயங்காலம் கொடியில் கிடந்த கைலியைப் பார்த்து அம்மா கேட்டாள். "குடத்தத் தட்டிவிட்டுட்டேன்" என்றார் அப்பா. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று எனக்கு ஒரே நிம்மதி.

மறுநாள் அவரே இடது கையை நீட்டினார். அதன்பின் கெஞ்சவே இல்லை. ஐப்பசி மழைக்குள் சட்டைப் பொத்தானை வலது கையால் போடப் பழகிவிட்டார். ஜீப்பை மட்டும் மறுபடி தொடவில்லை.

அந்த விடுமுறை முடியும் வரை காலையில் பையைக் கட்டுமுன் அம்மா நீட்டும் டீயை வேண்டாம் என்று சொல்லிவந்தார். டீ அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன்.