தட்டாத வண்டி

என் மேசையில் பேனாக்களைத் தாங்கி நிற்பது ஒரு பிஸ்டன். தலைகீழாக வைத்திருக்கிறேன். தலை புடைத்த வகை என்பதால் நேராக நிற்காது. பேனாவைப் போடும்போதெல்லாம் ஆடி, டொக்கென்று மேசையில் தட்டும். என் வீட்டுக்காரர் தன் பழைய காருக்கென்று எங்கெங்கோ தேடி வாங்கி, கடைசியில் மாட்டாமல் விட்டது.

ஓய்வு பெற்றதும் அந்த இன்ஜினைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார். நான் பள்ளி ஆசிரியை. வகுப்பில் பேசியது போதாதென்று வீட்டிலும் பேசுவேன். அவரோ உம் கொட்டக்கூட யோசிப்பார். சுவரோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று பலமுறை அழுதிருக்கிறேன்.

பாளையங்கோட்டைப் பட்டறைக்கு நானும் கூடப் போயிருந்தேன். மெக்கானிக் இரண்டு வகைப் பிஸ்டன்களையும் அவர் முன் வைத்தார். "அண்ணாச்சி, புடைச்சதைப் போட்டா பெட்ரோலை நல்லா அமுக்கும். ஏழுக்கு ஒண்ணா இருக்க கம்ப்ரஷன் ஒம்பதுக்கு ஒண்ணாயிரும். மாஞ்சோலை மேடு சும்மா ஏறும். ஆனா நாம போடுத பெட்ரோலுக்கு மேட்டுல இன்ஜின் டொக்குடொக்குன்னு தட்டும். தட்டைத்தலைன்னா சத்தம் இருக்காது, பைய போகும்."

அவர் தட்டையை எடுத்தார். "இதே போதும் வே. இவ பேச்சைக் கேக்கணும்லா."

"பொண்டாட்டி சொல்லுக்கு வண்டியும் பயப்படுதே" என்று மெக்கானிக் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. வேகமாக ஓட்டாதீர்கள் என்று நான் சொல்லி வந்தது உண்மைதான். அதற்காக ஊரார் முன்னால் என் தலையிலா பழியைப் போடுவது? அன்று முழுக்க நான் வாய் திறக்கவில்லை.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் மூடித் தொழிலாளர்கள் மலையை விட்டு இறங்குவதற்குச் சில வருடங்கள் முன்பு அந்த மேட்டில் போனோம். பின்னால் வந்த பஸ் பொறுமையிழந்து ஹாரன் அடித்தது. எங்கள் வண்டி முனகாமல் ஊர்ந்து ஏறியது. பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியையோடு நடந்த ஒரு சண்டையை அடிவாரத்தில் தொடங்கிய நான், வளைவுக்கு வளைவு கதை மாறி வேறெங்கோ போயிருந்தேன். மேலே தேயிலை தெரிந்ததும் அவர் கேட்டார்: "அந்த ஏழாங்கிளாஸ் டீச்சர் பெறவு உங்கிட்ட பேசுனாளா, இல்லையா?"

பேச்சைக் கேட்பது என்று பட்டறையில் அவர் சொன்னது காதால் கேட்பதைத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயில் கண்ணைக் கூசுகிறது என்றேன்.

அவர் போய்விட்டார். வண்டியை எடுக்க இப்போது ஒரு டிரைவர் வருகிறார். "இன்ஜின் ஓடுதா இல்லையான்னே தெரியலம்மா" என்று மெச்சுவார். பிறகு வழி நெடுக ஒன்றும் பேசமாட்டார். பின் இருக்கையில் நானும் பேசுவதில்லை. சொல்ல எவ்வளவோ சேர்ந்துவிட்டது.

இதை எழுதி முடித்துப் பேனாவைப் போடுகிறேன். தட்டும் என்று அவர் வேண்டாமென்ற பிஸ்டன் டொக்கென்கிறது. இந்த வீட்டில் எனக்கு உம் கொட்டுவது இப்போது அது ஒன்றுதான்.