கேள்விக்குப் பின்தங்கிய எழுத்துகள்

வீட்டில் எல்லோரும் அவளை மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். பேசுகிறவர் வாயை மூடுவதற்குள் தட்டச்சு செய்து முடித்துவிடுவாள். காது கேளாதவர்களுக்காகப் பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கித் தருவது அவள் வேலை. எங்கோ ஒரு வகுப்பில், எங்கோ ஒரு கூட்டத்தில் பேசுவது இணையம் வழியாக அவள் காதுக்கு வரும். அவள் அடிக்கிற எழுத்து அவர்களுடைய திரைக்குப் போகும்.

விரல்தான் மின்னல். கணினி, கணவரின் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய பெட்டி, வயது பதினொன்று. ஒரு விண்டோவை மட்டும் திறந்தால் சமர்த்தாக இருக்கும். வீடியோ, எழுதும் பக்கம், அன்றைய பேச்சில் வரக்கூடிய கலைச்சொற்களின் சொற்பட்டியல் என மூன்றையும் திறந்தால் திரை உறைந்துவிடும். அவள் அடித்ததெல்லாம் சில நொடி கழித்து மொத்தமாக வந்து கொட்டும்.

கட்டட வரைபடம் வரைகிற ஒருவர் அதனால் தலைகுனிய நேர்ந்தது. நன்றாகப் பேசுவார், கேட்கத்தான் முடியாது. வேலைக்கான நேர்காணலில், எழுத்து பின்தங்கி முந்தைய கேள்வியே திரையில் நின்றதால், "கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற கேள்விக்கு அவர், "ஆறு மாடி வரைக்கும்" என்று பதில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையும் அவள்தான் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டியிருந்தது. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அடுத்த நேர்காணலுக்கும் அவளையே கேட்டார். அதுதான் அவளை அரித்தது.

அந்த நாளும் வந்தது. பதினோரு மணிக்கு நேர்காணல். எட்டு மணிக்கு ஒத்திகை பார்த்தாள். திரை நின்றது.

கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் நாத்தனார் தலைவாரிக்கொண்டே எட்டிப்பார்த்தாள். "என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"மறுபடியும் நின்னுபோச்சுடி. இன்னொரு தடவ இப்படி ஆனா அவர் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

நாத்தனார் அவளை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். "திரைக்குன்னு இதுல தனி மெமரி கிடையாது. இருக்கிற ஒரே ரேம்ல அதுவும் பங்கு கேக்குது. நாலு வேலை ஒண்ணா வந்தா எதுக்குமே பத்தாது. இதுல விண்டோ பறந்து வர்றதும், நிழல் விழறதும்... எதுக்கு இவ்வளவு அலங்காரம்?"

"நானா வச்சேன்? அதுவாவே இருந்துச்சு."

அசைவு, நிழல், கண்ணாடித் தோற்றம் எல்லாவற்றையும் நாத்தனார் நிறுத்தினாள். தானாகத் தொடங்கும் நாலு புரோகிராம்களை விலக்கினாள். பிறகு பையிலிருந்து, கடையில் உடைத்த ஒரு பெட்டியின் ரேமை எடுத்தாள்.

"இது ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?"

செருகி மின்சாரம் கொடுத்ததும் விசிறி சுற்றியது. மூன்று முறை 'பீப்' என்றது. திரை கறுப்பாகவே இருந்தது. மணி ஒன்பது நாற்பது.

"பாவி, ஓடிட்டாவது இருந்துச்சே!"

"கத்தாதீங்க அண்ணி." நாத்தனார் இரண்டு ரேமையும் கழற்றி, பொன்னிற முனைகளை அழிரப்பரால் தேய்த்து, 'டக்' என்று ஒலிக்கும்வரை அழுத்தினாள். மறுபடி மின்சாரம் கொடுத்தாள். திரையில் வெளிச்சம் வந்தது.

கிளம்பும்போது நாத்தனார் சொன்னாள்: "வீடியோவ சின்னதா வச்சுக்கங்க. சொற்பட்டியல மூடிட்டு, தாள்ல எழுதி ஒட்டிக்கங்க."

"நாப்பது சொல் இருக்குடி!"

"மின்னலுக்கு நாப்பது சொல் ஒரு கணக்கா?"

எழுதி ஒட்டினாள். பதினொன்றுக்குத் தொடங்கியது. கேள்வி கேட்க இரண்டு ஆண்கள், ஒரு பெண். இருபது நிமிடம் எழுத்து பேச்சோடு ஓடியது. அப்போது அவர்கள் பெரிய வரைபடம் ஒன்றைத் திரையில் காட்டினார்கள். படம் வெட்டி வெட்டி வந்தது. அவள் அடித்த எழுத்து நின்றது. காதில் அந்தப் பெண்ணின் கேள்வி விழுந்துகொண்டிருந்தது.

யோசிக்க நேரமில்லை. வீடியோவையே மூடினாள். எழுத்து நகர்ந்தது. இனி யார் பேசுகிறார் என்று தெரியாது. குரலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள்: "பெண்: தீப்பிடிச்சா மேல் மாடிக்காரங்க எப்படி இறங்குவாங்க?"

"பின்பக்கப் படி வழியா," என்றார் அவர். "ஆனா நீங்க காட்டுற படத்துல அந்தக் கதவு உள்பக்கமா திறக்குது. கூட்டம் வந்து நெருக்கினா திறக்கவே முடியாது. இது தப்பு."

ஒரு சத்தமும் இல்லை. ஒலியும் போய்விட்டதோ? ஹெட்போனைக் காதோடு அழுத்தினாள். அங்கே அவர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்ன செய்வதென்று தெரியாமல் "(அமைதி)" என்று அடித்தாள்.

பிறகு ஒரு கனத்த குரல்: "அட, ஆமா."

எட்டு நாள் கழித்து, வேலை கிடைத்துவிட்டது என்று அவரிடமிருந்து செய்தி வந்தது. கூடவே இன்னொரு வரி: "அக்கா, அமைதின்னு எழுதினீங்களே, அப்ப எனக்கு உயிரே போயிடுச்சு."

"எனக்கும்தான்," என்று பதில் போட்டுவிட்டு, மதிய வகுப்புக்கான மருத்துவச் சொற்களை அவள் புதிய தாளில் எழுதத் தொடங்கினாள்.