மெற்றில்டா விரித்த கட்டில்

கரீபியன் கடலின் நீலத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். விளம்பரத்தில் வருகிற அதே நீலம்தான். விளம்பரத்தில் வராதது கரையில் ஒதுங்கும் கடற்பாசி. வெயில் ஏறினால் அழுகிய முட்டை மணம் மணக்கும். விடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து அதை வாரி அள்ளி, விருந்தாளிகள் எழும்புவதற்கு முன் கரையை வெள்ளையாக்கிவிடுவார்கள். இதை எனக்குச் சொன்னவள் என் மனைவி மெற்றில்டா. அந்த நேரத்தில் எழும்பி நிற்கிற விருந்தாளி அந்த ஹோட்டலிலேயே அவள் ஒருத்திதான்.

நான் பிரதாபன். லண்டனில், மிச்சம் என்கிற புறநகர்ப் பக்கம் இருக்கிறோம். நான் பஸ் ஓட்டுகிறேன். மெற்றில்டா நகர நடுவில் ஒரு பெரிய ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறாள். இருபத்தொரு வருடம். விடியற்காலை ட்ராமில் விம்பிள்டன் போய், அங்கிருந்து ரயில். ஒரு ஷிப்ட்டுக்குப் பதினாறு அறைகள். சேர்ந்த புதிதில் அவள் விரித்த கட்டிலை மேற்பார்வைக்காரி ஆறு முறை உதறி எறிந்தாளாம். ஏழாவது முறை எறியவில்லை. இன்றைக்கு வேலைக்குப் புதிதாக வருகிற பெண்கள், அவர்கள் எந்த நாட்டுக்காரர் என்றாலும், முதல் வாரம் இவளுக்குப் பின்னால்தான் நடக்கிறார்கள்.

அவள் கட்டில் விரிப்பதை நான் வீட்டில் தினமும் பார்க்கிறேன். விரிப்பின் மூலையைக் கடித உறை மாதிரிச் சாய்வாக மடித்து, மெத்தைக்கு அடியில் செருகி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவாள். அந்தத் தட்டோடு சரி, இரவு முழுக்க உருண்டாலும் மூலை கழலாது. இன்னொன்றும் அவளிடம் உண்டு. செய்யாத அறைக்குச் செய்ததாக ஒருநாளும் கையெழுத்து வைத்ததில்லை. அவர்களுடைய தொழிலில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லையாம்.

இவ்வளவையும் பெருமையாகச் சொல்கிறேனே, இதில் ஒன்றையாவது நான் முன்பு வெளியில் சொன்னதுண்டா என்று கேட்டால் இல்லை. கலியாண வீடுகளில் யாராவது “மனுசி என்ன செய்யிறா?” என்று கேட்டால் “ஹோட்டல் லைனிலை” என்று சொல்லிவிட்டு வடையை வாய்க்குள் திணித்துக்கொள்வேன். வாய் நிறைந்திருந்தால் அடுத்த கேள்வி வராது.

எங்கள் மகள் ஜெனிற்றா மருந்தகத்தில் வேலை செய்கிறாள். தாய்க்கு ஐம்பத்தைந்து வயதாகிறது என்று மூன்று பேருக்கும் இந்தப் பயணத்தை அவளே ஒழுங்கு செய்தாள். தீவின் பெயரையும் ஹோட்டலின் பெயரையும் விட்டுவிடுகிறேன். ஜெனிற்றா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

“அம்மா, ஏழு நாளும் நீங்கள் ஒண்டையும் தொடக்கூடாது. மற்றவை செய்வினம், நீங்கள் இருந்து பாக்கவேணும்.”

“ஓம் பிள்ளை” என்றாள் மெற்றில்டா. சொல்லும்போதே பெட்டிக்குள் கேத்தலையும் தேயிலையையும் மிளகாய்த்தூளையும் வைத்துக்கொண்டிருந்தாள்.

மிளகாய்த்தூள் வைத்தது நல்லதாகப் போயிற்று. ஹோட்டலில் போய் இறங்கியதும் கையில் ஒரு பட்டியைக் கட்டிவிட்டு, இனி எல்லாம் இலவசம், வேண்டியதை வேண்டிய நேரம் சாப்பிடுங்கள் என்றார்கள். சாப்பாடு மலை மாதிரி இருந்தது, உப்பு உறைப்பு இல்லை. கறி என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்து மெற்றில்டா சிலுவைக் குறி போட்டாள். கடற்கரைச் சாய்கதிரைகளில் வெள்ளைக்காரர் விடியமுன் துவாய் போட்டு இடம் பிடித்துவிட்டு மறுபடி போய்ப் படுத்தார்கள். எங்கள் ஊர்ப் பஸ்ஸில் கைலேஞ்சி போட்டு இடம் பிடிப்பதைப் பற்றி இனி யாரும் என்னிடம் கதைக்க வேண்டாம்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் தமிழில் “இது என்ன சூப்புங்க?” என்று கேட்டார். லண்டனில் டாக்டராக இருக்கிற வாசுதேவன். தமிழ்நாட்டுக்காரர், பக்கத்தில் மனைவி லலிதா. கடல் தாண்டி வந்த இடத்தில் தமிழ்க் குரல் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே மேசையில் இருந்தோம். அவர் என் வேலையைக் கேட்டார், சொன்னேன். மெற்றில்டாவின் வேலையைக் கேட்டார்.

“அவ ஹோட்டல் மனேஜர்” என்றேன்.

அன்றைக்கு வடை இல்லை, அதுதான் காரணம் போல. மெற்றில்டா முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தாள், பிறகு சாப்பிட்டாள். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். எனக்கு மூன்று வேளையும் கிடைத்தது, ஒன்றும் இறங்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. நான் கண் விழித்தபோது கட்டிலில் மனைவியின் பாதி ஏற்கனவே விரிக்கப்பட்டிருந்தது. மற்றப் பாதிக்காக மெற்றில்டா நான் எழும்பும்வரை காத்து நின்றாள். குளியலறையும் துடைத்தாயிற்று. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது என்று விட்டுவிட்டேன். பத்து மணிக்கு அறை துப்புரவு செய்கிற பெண் தள்ளுவண்டியோடு வந்தாள். மார்வா என்று சட்டையில் பெயர். ஐம்பது வயதிருக்கும், வலது முழங்காலை மடிக்காமல் நடந்தாள். அந்த நடையை மெற்றில்டா உடனே கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கும் அதே முழங்கால்தான்.

“எத்தனை அறை?” என்று கேட்டாள்.

“பதினெட்டு.”

“இதை விட்டுவிடு. நான் செய்துவிட்டேன். என் கட்டிலை யாரும் தொடக்கூடாது. துவாய் மட்டும் தா.”

மெற்றில்டாவின் ஆங்கிலம் ஹோட்டல் நடைபாதைகளில் கற்றது. சுருக்கமாக இருக்கும், யாருக்கும் விளங்காமல் போகாது. மார்வா கொஞ்சம் தயங்கினாள், பிறகு கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் என்று சொல்லித் துவாயைத் தந்துவிட்டுப் போனாள். திங்களும் அப்படி, செவ்வாயும் அப்படி. ஜெனிற்றா அடுத்த அறையில் இருந்ததால் அவளுக்கு இது தெரியாது. தாய் கெட்டிக்காரி.

செவ்வாய் மத்தியானம் மெற்றில்டா டாக்டரையும் லலிதாவையும் எங்கள் பல்கனிக்குத் தேத்தண்ணிக்கு அழைத்தாள். ஐந்து பேருமாக மாடி ஏறி வந்தால் எங்கள் அறைக் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே மேற்பார்வைக்காரி ஒருத்தி கையில் தாளோடு நிற்கிறாள். மார்வா சுவரோரம் தலை குனிந்து நிற்கிறாள்.

அந்த ஹோட்டலில் கட்டில் விரிப்பதற்கு ஒரு முறை இருந்தது. மேல் விரிப்பைக் கால்மாட்டில் மூன்றாக மடித்துப்போட்டு, துவாயை முறுக்கி அன்னம் மாதிரிச் செய்து நடுவில் வைக்க வேண்டும். எங்கள் கட்டிலில் மடிப்பும் இல்லை, அன்னமும் இல்லை. தாளில் மூன்று நாளும் ‘செய்தாயிற்று’ என்று மார்வாவின் கையெழுத்து மட்டும் இருந்தது. அறைக்குள் கால் வைக்காமலே கையெழுத்து வைத்திருக்கிறாய், தாளையும் வண்டிச் சாவியையும் தந்துவிட்டு வீட்டுக்குப் போ என்று மேற்பார்வைக்காரி சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் குரலை மாற்றி மன்னிப்புக் கேட்டாள்.

மெற்றில்டாவின் முகம் வெளிறிவிட்டது. நல்லது செய்வதாக நினைத்துச் செய்தது இன்னொருத்தியின் வேலையைப் பறிப்பதில் போய் முடிந்திருக்கிறது. அவள் வாயைத் திறக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. திறந்தால் என் மனேஜர் கதையும் அதோடு சரி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அவள் முழங்கையைப் பிடித்தேன்.

“விடும் மெற்றில்டா. அது அவையின்ர அலுவல்.”

“கையை எடுங்கோ” என்றாள். இருபத்தொன்பது வருடத்தில் அவள் அந்தக் குரலில் என்னோடு கதைத்ததில்லை. எடுத்துவிட்டேன்.

“இந்தக் கட்டிலை விரித்தது நான்” என்றாள் மேற்பார்வைக்காரியிடம்.

அவள் சிரித்தாள். “மேடம், விருந்தாளிகள் இரக்கப்பட்டு இப்படிச் சொல்வது வழக்கம். உங்களுக்கு இந்த வேலையைப் பற்றித் தெரியாது.”

“எனக்குத் தெரியும். நான் அறை துப்புரவு செய்கிறவள். லண்டனில், இருபத்தொரு வருடம்.”

பின்னால் டாக்டர் நின்ற இடத்தில் செருப்பு நகர்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

மெற்றில்டா கைப்பையை என்னிடம் தந்தாள். கட்டிலில் இருந்த எல்லாவற்றையும் உரித்து நிலத்தில் போட்டாள். விரிப்பை ஒரே உதறலில் எடுத்து வீசினாள், அது நடுக்கோடு பிசகாமல் மெத்தையில் வந்து படுத்தது. கால்மாடு, தலைமாடு. மூலையைத் தூக்கினாள், சாய்த்தாள், மடித்தாள், செருகினாள், தட்டினாள். நான்கு மூலையும் நான்கு தட்டு. தலையணை உறைகளின் திறந்த வாய் வாசலுக்கு எதிர்ப்புறம். மூன்று நிமிடம் ஆகியிருக்காது. முழங்கால் நொந்ததை நான் மட்டும் கண்டேன்.

“இந்த மூலை உங்கள் ஹோட்டல் மூலை இல்லை” என்றாள். “உரிக்கிறதுக்கு முன்னம் இருந்ததும் இதே மூலைதான். அன்னம் எனக்குச் செய்யத் தெரியாது. அதுதான் அன்னம் இல்லை.”

மேற்பார்வைக்காரி குனிந்து மூலையை விரலால் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அவளும் ஒரு காலத்தில் தள்ளுவண்டி தள்ளியவளாகத்தான் இருக்க வேண்டும். “ஒரு நாளைக்கு எத்தனை அறை?” என்று கேட்டாள், இந்த முறை மேடம் போடாமல்.

“பதினாறு. நான் வேண்டாம் என்று சொன்னேன், அவள் போனாள். விருந்தாளி வேண்டாம் என்றால் தாளில் அப்படி எழுத வேண்டும். அவள் எழுதாதது பிழை. அதைவிடப் பெரிய பிழை என்னுடையது. பேனையைத் தாருங்கள்.”

மூன்று நாளுக்கும் எதிரே ‘விருந்தாளி வேண்டாம் என்றார்’ என்று எழுதி, மூன்றுக்கும் தனித்தனியாகக் கையெழுத்து வைத்தாள். மேற்பார்வைக்காரி தாளை வாங்கி வாசித்தாள். மார்வாவைப் பார்த்து, அடுத்த அறைக்குப் போ, இனி எழுதாமல் விடாதே என்றாள். மார்வா வாசலில் மெற்றில்டாவின் இரண்டு கைகளையும் பிடித்து அமுக்கிவிட்டுப் போனாள். அந்த நாலு கைகளும் ஒரே மாதிரிக் காய்த்துப் போயிருந்தன.

இனி என் முறை. அப்போது எனக்கு வந்தது வெட்கம் இல்லை. பெருமை. இவ்வளவு வருடமும் இதையா மறைத்து வைத்தேன் என்று என்மேலேயே கோபம் வந்தது.

“டொக்டர், இவ மனேஜர் இல்லை” என்றேன். “கட்டில் விரிக்கிறவ. நான் சொன்னது பொய். இவ சொன்னதில்லை.”

வாசுதேவன் கட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “எந்த மேனேஜருக்குங்க இப்படிப் போட வரும்?” என்றார். லலிதா அதற்குள் கட்டிலருகே போய், “அக்கா, அந்த மூலையை மட்டும் இன்னொரு தடவை காட்டுங்களேன், நான் எப்பப் போட்டாலும் கழண்டுடுது” என்று குந்தி இருந்துவிட்டாள்.

ஜெனிற்றா மட்டும் வாசலில் அழுதுகொண்டு நின்றாள். “ஒண்டையும் தொடக்கூடாது எண்டு சொன்னனான் அம்மா.”

“இனித் தொடமாட்டன் பிள்ளை” என்றாள் மெற்றில்டா.

சொன்னபடியே இருந்தாள். மகளின் கட்டளை செய்யாததை மார்வாவின் வேலைக்கு வந்த ஆபத்து செய்தது. புதன்கிழமை காலை கட்டில் கசங்கிக் கிடக்க, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பல்கனியில் கைகளை மடியில் கட்டி வைத்தபடி இருந்தாள். “இஞ்சருங்கோ, அந்தத் தலையணை நிலத்திலை கிடக்கு” என்று இரண்டு முறை சொன்னாள். எழும்பவில்லை. மார்வா வந்து தன் முறைப்படி விரித்து, ஒன்றுக்குப் பதிலாக இரண்டு அன்னம் வைத்துவிட்டுப் போனாள். மெற்றில்டா அன்றைக்குத்தான் கடலில் கால் நனைத்தாள்.

புறப்படுகிற நாள் வரவேற்பு மேசையில் ஒரு தாள் தந்தார்கள். தங்கியது எப்படி, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்று இருந்தது. கடற்பாசியையும் கறியையும் இரண்டு வரியில் முடித்தேன். கீழே மிச்சம் இருந்த இடத்தில் இப்படி எழுதினேன்: ‘எங்கள் கட்டிலை, வந்த நாளோடு சேர்த்து நான்கு நாள் உங்கள் மார்வா விரித்தார். மூன்று முறை என் மனைவி மெற்றில்டா விரித்தாள். அவள் லண்டனில் ஹோட்டல் அறைகள் துப்புரவு செய்கிறவள். இரண்டு பேரும் முதல் தரம்.’

மெற்றில்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். ‘துப்புரவு செய்கிறவள்’ என்ற இடத்தில் அவள் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தாளை என் பக்கம் தள்ளினாள்.

“மூண்டு இல்லை, நாலு” என்றாள். “அவைக்கு முன்னாலை உரிச்சுப்போட்டு விரிச்சதை விட்டிட்டியள்.”

நான் மூன்றை வெட்டிவிட்டு நாலு என்று எழுதினேன்.