கோவிந்தியின் புகைப்பெட்டி

கோவிந்தியைப் பற்றி எங்கள் மலைக் கிராமத்தின் மேல் ஊரான மல்லா கனோலியில் யாரைக் கேட்டாலும், "நல்ல பொண்ணு, அதிகம் பேச மாட்டா" என்பார்கள். சுத்தப் பொய். பேச ஆரம்பித்தால் அவளை நிறுத்துவதற்கு ஆள் வைக்க வேண்டும். எங்களிடம்தான் பேசுவதில்லை. அவள் வீடு கீழ் ஊரில், தல்லா கனோலியில். அவள் அப்பா எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் டோல் மேளம் அடித்தவர். முற்றத்தில் அடிப்பார், முற்றத்திலேயே சாப்பிடுவார், தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவார். நாங்களும் அதைப் பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கோவிந்தி மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதியவள். புருஷன் ஹல்த்வானியில் ஓட்டலில் வேலை. ஹோலிக்கு வருவான், ஹோலி முடிந்ததும் போய்விடுவான். முப்பத்தைந்து வயதில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. புகை அளக்கும் வேலை.

வேலை கொடுத்தவர் டேராடூனிலிருந்து வந்த சுதேஷ்ணா மேடம். வங்காளத்துக்காரர், ஆராய்ச்சிக்காரர். முதல் கூட்டத்தில் எங்களிடம் நேராகவே சொன்னார். "உங்க அடுப்புப் புகைதான் மேலே போய்ப் பனி மேல கரியாப் படியுது, பனி சீக்கிரம் உருகுது. அதே புகைதான் உங்க நெஞ்சுலயும் படியுது. ஆனா சர்க்கார்ல பனிக்கு ஒரு ஆபீஸ், காத்துக்கு ஒரு ஆபீஸ், கிராமத்துக்கு ஒரு ஆபீஸ். ஒருத்தர் கோப்பை இன்னொருத்தர் பார்க்கிறதில்ல. நான் அளந்து குடுத்தா மூணு பேரும் சேர்ந்து பணம் போடுவாங்க. புகைபோக்கி வெச்ச அடுப்பு வரும், சாண எரிவாயுக் குழி வரும்."

அளவு அதிகமாக வந்தால் எங்கள் பள்ளத்தாக்கு திட்டப் பட்டியலில் இருக்கும். குறைந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். அவ்வளவுதான் கணக்கு.

மொத்தம் எழுபது வீடு. கோவிந்தி கைப்பிடி அளவுள்ள ஒரு பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வருவாள். வீட்டில் ஒரு நாள் தொங்கவிடுவாள், மறுநாள் வந்து எண்ணைக் குறித்துக்கொள்வாள். மழையோ பனியோ, இரண்டு வருடத்தில் ஒரு வீட்டைக்கூட விட்டதில்லை. அவள் கொண்டுவரும் தாள்களை மகளிர் குழுப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. ஏற்றினேனே தவிர, ஒரு நாளாவது எண்களைப் படித்துப் பார்த்தேனா? இல்லை.

மார்கழிக் குளிரில் பஞ்சாயத்துக் கட்டடத்தில் கூட்டம். மேடத்தோடு இரண்டு அதிகாரிகளும் வந்திருந்தார்கள். மேடம் முகத்தில் ஈயாடவில்லை.

"தல்லா கனோலியில புகை ரொம்ப அதிகம். ஆனா மல்லாவுல புகையே இல்ல. எல்லாரும் காஸுக்கு மாறிட்டீங்க போல. சராசரி பார்த்தா இந்தப் பள்ளத்தாக்குக்குத் திட்டம் தேவையில்லன்னு வருது."

எனக்கு வந்ததே கோபம். "காஸா? சிலிண்டரைத் தூக்கிட்டு ஆறு கிலோமீட்டர் யார் ஏறுறது? என் கண்ணைப் பாருங்க மேடம், மிளகாய்ப் பழமா இருக்கு. ஊதி ஊதியே எனக்குப் பாதி ஆயுசு போச்சு!"

ஊர்த்தலைவர் குஷால் சிங் மீசையை நீவிக்கொண்டார். "வீட்டுல உட்கார்ந்தே கிறுக்கியிருப்பா. யார் போய்ப் பார்த்தாங்க? சம்பளம்தான் மாசாமாசம் வருதே."

மேடம் கோவிந்தி பக்கம் திரும்பினார். "பெட்டியை எங்க மாட்டுனீங்க? உண்மையைச் சொல்லுங்க. பொய்க்கணக்கு எழுதியிருந்தா உங்களை வேலையில வெச்சுக்க முடியாது."

அங்கே உட்கார்ந்திருந்த மல்லா பெண்கள் அத்தனை பேருக்கும் பதில் தெரியும். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

கோவிந்தி எழுந்தாள். "தல்லாவுல பதினாறு வீடு. அங்க அடுப்புக்குப் பக்கத்துலயே மாட்டுனேன். மல்லாவுல ஐம்பத்து நாலு வீடு. அங்க வெளி அறை ஜன்னல்ல மாட்டுனேன்."

"சமையலறைன்னு டிக் பண்ணியிருக்கீங்களே?"

"பண்ணது தப்புதான் மேடம். ஆனா சமையலறைக்குள்ள நான் போகக் கூடாது. நான் தொட்ட பெட்டியும் போகக் கூடாது. அதை எங்க எழுதறது? உங்க தாள்ல அதுக்குக் கட்டமே இல்லையே."

மேடம் கையில் இருந்த தாளைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

குஷால் சிங் தொண்டையைக் கனைத்தார். "சரி சரி, போனது போகட்டும். பெட்டியைக் குடு. கோமியம் தெளிச்சு நாங்களே உள்ள மாட்டிக்கிறோம்."

"கோமியம் பட்டா பெட்டி செத்துடும் தலைவரே," என்றாள் கோவிந்தி. "இப்பவே என்னைப் பொய்க்கணக்குக்காரின்னு சொல்லிட்டீங்க. இனிமே என் கையால மாட்டி, என் கண்ணால பார்த்த வீட்டுக்குத்தான் கையெழுத்துப் போடுவேன். முடியாதுன்னா விடுங்க. என் வேலை போகட்டும், உங்க அடுப்பும் போகட்டும்."

மேடம் அவள் பக்கம் நின்றார். ஹோலிக்குள் மல்லாவில் நாற்பது வீடாவது மறுபடி அளந்தால் பட்டியலில் பெயர் நிற்கும் என்றார். ஹோலிக்கு முந்தின நாள் எண்ணிப் பார்த்தபோது நாற்பத்து மூன்று ஆகியிருந்தது. பெயர் நிலைத்தது, கோவிந்தியின் வேலையும் தப்பியது. கதவைத் திறக்காத பதினொரு வீடுகளையும் எனக்குத் தெரியும். அதில் இரண்டு என் சொந்தக்காரர்களுடையவை. அந்த வீடுகளுக்கும் சேர்த்துத்தான் இப்போது புதிய அடுப்பு வருகிறது. வாங்கிக்கொள்ள மட்டும் கூச்சம் இல்லை.

ஆனால் முதலில் கதவைத் திறந்த வீடு என்னுடையது. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். வெட்கம் தாங்கவில்லை, அவ்வளவுதான். என் மாமியார் போய் ஆறு வருடம் ஆகிறது. அடுப்படி முழுக்க என் அதிகாரம். இரண்டு வருடமும் "உள்ளே வா" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் தடுத்தார்கள்?

என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். "ஊர் என்ன சொல்லும்?"

"ஊரா வந்து எனக்கு அடுப்பு ஊதுது?" என்றேன். மனிதர் வெளியே போய்விட்டார்.

கோவிந்தி சமையலறை நிலைப்படி வரை வந்துவிட்டாள். அதற்கு மேல் அவள் கால் நகரவில்லை. "உள்ள வாடி, ஆளைப் பாரு! பானை கொதிக்குது," என்று அதட்டினேன். அதட்டாவிட்டால் இரண்டு பேருமே அங்கேயே நின்றிருப்போம்.

உள்ளே வந்தாள். நாடாவால் தூரம் அளந்து, ஆணி அடித்து, பெட்டியைத் தொங்கவிட்டாள். நான் பைன் விறகைத் தள்ளி ஊதினேன். அரை நிமிடத்தில் அறை நிறையப் புகை. கோவிந்திக்கு இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள், கரி பிடித்துக் கிடந்த உத்தரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்க வீட்டுலயும் இப்படித்தானா தீதி?"

"பின்ன எப்படி இருக்கும்? நீயும் நானும் ஒரே காட்டுலதானே விறகு பொறுக்குறோம்?"

"இல்ல தீதி..." அவளுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "ரெண்டு வருஷமா உங்க வீட்டு நம்பர் குறைச்சலா வந்தப்பல்லாம் எனக்குச் சந்தேகமே வரல. மேல் ஊரு வீட்டு அடுப்பு புகையாதுன்னுதான் சின்ன வயசுலேருந்து நான் நினைச்சிட்டிருந்தேன்."