முக்கோணத்தின் மூன்றாம் மூலை

ரெபேக்காள் எந்த நிறத்தையும் வாசல் வெயிலில் ஒருமுறை பார்க்காமல் கோக்கமாட்டாள். மாமல்லபுரம் கடைத்தெருவில் பதினோரு வருடம் சிப்பி மாலை கோத்தவள். சிப்பிக்கு நிறப் பொருத்தம் தேவைப்படவில்லை. கண்ணாடி மணிக்கு மாறிய பிறகு, போனில் வீடியோ பார்த்து அட்டையில் ஒரு வண்ணச் சக்கரம் வரைந்து, அரிசி டப்பாவின் மேல் ஒட்டிவைத்திருந்தாள்.

கல்பாக்கம் குடியிருப்பில் வசிக்கும் வசுமதி, பொங்கல் விழாக் கும்மிக்குப் பன்னிரண்டு மாலை கேட்டிருந்தார். எல்லோருக்கும் ஒரே புடவை: சந்தன நிறம், நீல பார்டர். பிடித்துவிட்டால் மற்ற பிளாக்குகளுக்கும் அவளிடமே சொல்வதாகப் பேச்சு. ரெபேக்காள் சக்கரத்தில் விரல் வைத்தாள். சந்தனம் மஞ்சளின் பிள்ளை. பார்டர் நீலம். சக்கரத்துக்குள் வரைந்த முக்கோணத்தின் மூன்றாம் மூலையில் சிவப்பு. பளிச்சென்ற நீலமும் சிவப்புமாகப் பன்னிரண்டு கோத்தாள், மாதிரிக்கு இன்னொன்று.

கொண்டுபோக வேண்டியதற்கு முந்தைய நாள் காலை, ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் கணவன் கிருபாகரன் நாஸ்தாவுக்கு வந்தான். ஆணியில் தொங்கிய மாலைகளைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"இன்னாடி, கட்சி மாநாட்டுக்கு ஆள் சேக்கிறியா?"

"இன்னா மாநாடு?"

"நம்ம தெரு முனைல இன்னா கொடி பறக்குது? போய்ப் பாரு."

பார்க்க வேண்டியதில்லை. நீலம், சிவப்பு. தினமும் அந்தக் கம்பத்தடியில்தான் தண்ணீர் பிடிக்கிறாள்.

"கலர் வீல் பாத்து கட்னதுய்யா."

"உன் வீலு ஊருக்குள்ள ஓடாது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "வேற யாராச்சும் கட்டியிருந்தா தெரியாம கட்டிட்டாங்கம்பாங்க. நாம கட்டுனா, வேணும்னே கட்டுனோம்னுதான் சொல்வாங்க."

கிருபாகரன் தோசையைப் பிய்ப்பதை நிறுத்தினான். "சொல்லட்டுமே. ஆமான்னு சொல்லு."

"நீ சொல்லுவ. ஆர்டர் யாருக்குப் போவும்?"

அவன் போன பிறகு மணிப் பெட்டிகளை வாசலில் பரப்பினாள். சிவப்போடு கறுப்பு வைத்தாள். ஆரஞ்சோடு பச்சை வைத்தாள். எதைச் சேர்த்தாலும் ஏதோ ஒரு கம்பத்தில் பறந்தது. உள்ளங்கை வேர்த்து மணிகள் ஒட்டிக்கொண்டன.

தண்ணீர் பிடிக்கப் போனவள் அண்ணாந்து பார்த்தாள். கொடி தூரத்துக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் அத்தனை பளிச்சு. கழுத்தில் போடுவதை ஒரு முழத் தூரத்தில் பார்க்கிறார்கள். எந்தக் கொடிக்கும் மங்கிய நிறம் கிடையாது.

சக்கரத்தை விடவில்லை. மூன்று மூலையும் அப்படியே இருக்க, பளிச்சை மட்டும் இறக்கினாள். சிவப்புக்குச் செங்கல் நிறச் சுடுமண் மணி. நீலத்துக்கு அவுரிச் சாயம்போல் மங்கிய கருநீல மணி. இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் பித்தளை மணி. பன்னிரண்டையும் அறுத்துக் கோத்து முடிக்கையில் சாயங்காலம்.

மறுநாள் வசுமதி ஒரு மாலையைப் புடவைமேல் வைத்துப் பார்த்தார். ரெபேக்காள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அழகா இருக்கு ரெபேக்கா. இந்தப் பார்டரைத் தனியா எடுத்துக் காட்டுது." இன்னொரு முறை தூக்கிப் பிடித்தார். "சிவப்பு மட்டும் கொஞ்சம் பளிச்சுனு இருந்திருக்கலாமோ? மேடையில நல்லா தெரியும்ல?"

ரெபேக்காளின் கை தோள்பைக்குள் போனது. அறுக்காமல் விட்ட பளிச்சென்ற மாதிரி மாலை விரலில் தட்டுப்பட்டது. எடுத்துக் காட்டலாம். இந்த அம்மாள் எதையும் நினைக்காமல் வாங்கிக்கொள்ளவும்கூடும். மற்ற பதினொரு பேர்?

"அந்தச் சிவப்பு ஸ்டாக் இல்ல மேடம்" என்றாள். கையைப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள்.