தேதியில்லாத பன்னிரண்டு கையெழுத்துகள்

சட்டக் கல்லூரி மாணவர்களை நீதிமன்றங்களுக்கும் சட்ட உதவி அலுவலகங்களுக்கும் பயிற்சிக்கு அனுப்பிவைப்பதுதான் கொரின் ஷிமான்ஸ்கியின் வேலை. பத்தொன்பது வருடங்களாக. அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் எந்த வக்கீல் வேலை கற்றுக்கொடுப்பார், எவர் காப்பி வாங்கிவரச் சொல்வார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

ரே டோபினிடம் அனுப்பினால் கவலையே இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தவர்களுக்குக் கட்டணமில்லாமல் வாதாடுகிறவர். செவ்வாய்தோறும் நீதிமன்ற நடைவழியில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். மாணவர் இத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று சான்று சொல்லும் படிவங்கள்தான் அவருக்கு ஆகாது. பருவத் தொடக்கத்திலேயே வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கட்டாக அனுப்பிவிடுவார்.

"நீயே நிரப்பிக்கோ கொரின். இங்க ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க."

கொரின் திட்டுவாள். கட்டை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, டிசம்பரில் அவரைப் பிடித்து உட்காரவைத்து முறையாக நிரப்பிக் கையெழுத்து வாங்குவாள்.

இந்த நவம்பரில், வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது ரே மாரடைப்பில் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஐவெட் வந்தாள். கடைசி வருட மாணவி. வக்கீலாகப் பதிவு செய்ய ஐம்பது மணி நேர இலவசச் சட்ட உதவி செய்திருக்க வேண்டும். அவளுடைய ஐம்பதும் ரேயிடம்தான்.

"அம்பது மணி நேரமும் அந்த மேசைகிட்டயும் கோர்ட்டுக்குள்ளயும் அவரு கூடதான் நின்னேன் ப்ரொபசர். அவரு இல்லன்னா நான் செஞ்சதும் இல்லன்னு ஆயிடுமா?"

"ஆகாது. ஆனா பாத்தேன்னு சொல்ல ஒரு வக்கீல் வேணும்."

"வருஷக் கடைசிக்குள்ள தாள் போகலன்னா எனக்கு வச்சிருக்கிற வேலைய வேற யாருக்காவது குடுத்துடுவாங்க."

அவள் போனபின் கொரின் டிராயரைத் திறந்தாள். பன்னிரண்டு படிவங்கள். ரேயின் கையெழுத்து எப்போதும்போல் கோட்டைத் தாண்டி ஓடியிருந்தது. ஒன்றை நிரப்பித் தேதி போட்டால் போதும். அந்தப் பெண் உழைத்தது பொய்யில்லை. ஆனால் அவர் சரிபார்த்ததாகச் சொல்வது பொய். வக்கீலாக ஐவெட் கொடுக்கப்போகும் முதல் தாள் அது. கொரின் பேனாவை மூடினாள். பன்னிரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டு நீதிமன்றத்துக்குக் கிளம்பினாள்.

"ஐவெட்டா? ரேயையே அதட்டுவாளே," என்றார் குமாஸ்தா. மேசையின் வருகைத் தாள்களைத் தேடிக் கொடுத்தார். ரேயின் வழக்குகளை விசாரித்த நீதிபதி அவற்றைப் பார்த்து, தன் கண்முன் நடந்ததற்கு மட்டும் கையெழுத்திட்டார். முப்பத்துநாலு மணி நேரம்.

"மீதி பதினாறு?" என்றாள் ஐவெட்.

"திரும்பச் செய்யணும். நாலு செவ்வாய்க்கிழமை. நான் கூட உக்காருறேன். என் வக்கீல் பதிவு இன்னும் உயிரோடதான் இருக்கு."

"கடைசியா எப்ப கோர்ட்டுல நின்னீங்க?"

"நீ பால்பல் விழுந்து திரிஞ்சப்ப."

"நல்லாருக்கு. அப்ப நான்தான் உங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்."

செவ்வாய்க்கிழமை கொரின் மேசையை விரித்தாள். ஒரு கால் ஆடியது. ரே அதற்கு எதையோ மடித்து வைப்பார். அது எதுவென்று அவளுக்குத் தெரியவில்லை. கைக்குழந்தையோடு ஒருத்தி வந்து நின்றாள்.

"ரே எங்க?"

கொரின் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்கம்மா," என்றாள் ஐவெட். "நோட்டீஸை எடுங்க, பாப்போம்."

கொரின் கடிகாரத்தைப் பார்த்து, ஐவெட்டின் வருகைத் தாளில் நேரத்தைக் குறித்தாள். ஒன்பது பத்து.