சத்தக்காரியின் நாற்பது எழுத்து

வாஷிங் மெஷின்மேல் கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? தூக்கம், இல்லாவிட்டால் தலைசுற்றல். அவளுடைய கடைக்குள் முதல்முறை நுழைகிறவர்களுக்கும் அப்படித்தான் தோன்றும். பதறிப்போய்த் தண்ணீர் எடுத்துவர ஓடியவர்கள்கூட உண்டு. அவளோ ஒரு கையை உயர்த்தி, "ஷ்ஷ்... பேசிட்டிருக்கா" என்பாள். பேசுவது மெஷின். அரை நிமிடம் கழித்து, "பெல்ட் இல்ல, பேரிங்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேடப் போய்விடுவாள். பதினோரு வருடத்தில் அவள் சொல்லித் தப்பாய்ப் போனது நாலே தடவை. அந்த நாலை யாராவது நினைவுபடுத்தினால் அன்றைக்கு அவர்களுக்கு டீ கிடையாது.

அதற்கு முன்னால் ஒரு பெரிய கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தாள். அங்கே மெஷின் என்ன சொல்கிறது என்று யாருக்கும் கவலை இல்லை. "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கோங்க" என்று வாடிக்கையாளரிடம் சொல்லத் தெரிந்தால் போதும். அந்த ஒரு வாக்கியம் மட்டும் அவள் வாயில் வரவே இல்லை. ஒரு திங்கட்கிழமை அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை கொண்ட கடையை வாடகைக்குப் பிடித்தாள். முன் அறையில் மெஷின்கள். பின் அறையில் ஒரு பெஞ்சு, ஒரு மேசை, அலமாரியின் மேல்தட்டில் பச்சை விளக்கு மினுக்கும் சின்னக் கணினிப் பெட்டி ஒன்று.

அந்தப் பெட்டிதான் அவளைப் பல ஊர்களுக்குத் தெரிந்தவள் ஆக்கியது. பழுது பார்ப்பவர்களும் பழுதோடு அல்லாடுபவர்களும் சேர்ந்து உண்டாக்கிய பொதுவலை என்று ஒன்று இருந்தது. அதற்கு முதலாளி கிடையாது. அவரவர் வீட்டில் அவரவர் பெட்டி. பெட்டிகள் ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொள்ளும். எந்த ஊரில் எந்த மெஷின் மக்கர் செய்தாலும், போனை மெஷின்மேல் வைத்துச் சத்தத்தைப் பதிவு செய்து அவளுக்கு அனுப்பினால் போதும். கேட்டுவிட்டுத் தன் குரலிலேயே பதில் அனுப்புவாள், அதுவும் பேருந்து ஹாரனுக்கு நடுவே அதே "ஷ்ஷ்... பேசிட்டிருக்கா"வோடுதான் தொடங்கும். சத்தம் இல்லாமல் வாயால் விவரித்தால் பதிலே சொல்ல மாட்டாள். வந்த பதிவுகளை ஆள் பெயரில் அடுக்கமாட்டாள், சத்தத்தின் வகையில்தான் அடுக்குவாள். கிர்ர் ஒரு கட்டு, கீச் ஒரு கட்டு, டொக் ஒரு கட்டு. சத்தக்காரி என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். வைத்தது வலைக்காரர்கள். அவளுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

இப்போது இதில் இருந்த ஓட்டையைச் சொல்ல வேண்டும். பெட்டிகளுக்கு உண்மையில் பெயர் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் நாற்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான அடையாளம், அவ்வளவுதான். அதை எந்த மனுஷனால் மனப்பாடம் செய்ய முடியும்? ஆகவே சத்தக்காரி என்றால் இந்த நாற்பது எழுத்து என்று ஒரு பெயர்ப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். பெட்டிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன, பெயர்ப் புத்தகம் மட்டும் ஒன்றே ஒன்று. அதை ஒரே ஒரு அலுவலகம் வைத்திருந்தது. முதலாளி இல்லை, முதலாளி இல்லை என்று பாடிக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த அலுவலகத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. முப்பது நாளுக்குள் பெயரைப் புதுப்பிக்காவிட்டால் அது வேறொருவருக்குத் தரப்படும் என்று. சத்தக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். சொந்தக்காரனே இல்லாத இடத்துக்கு எவன் நோட்டீஸ் அனுப்புவது? சுத்த ஏமாற்று வேலை என்று அழித்தாள். அதோடு விட்டாளா? "இப்படி ஒண்ணு வந்தா தொடாதீங்க, உடனே அழிச்சிடுங்க" என்று வலை முழுக்கத் தண்டோரா போட்டாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நூற்றுக்கணக்கானவர்கள் பயபக்தியோடு அழித்தார்கள். முப்பத்தோராம் நாள் அத்தனை பேரும் பெயர் இல்லாமல் நின்றார்கள். சத்தக்காரி என்ற பெயரை மெஷின் விற்கும் கம்பெனி ஒன்று எடுத்துக்கொண்டது.

அவள் பெட்டி அப்படியே இருந்தது. பச்சை விளக்கும் மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சத்தக்காரி என்று தேடியவர்கள் எல்லோரும் கம்பெனியின் வாசலில் போய் நின்றார்கள். அலுவலகத்துக்கு எழுதினாள். சத்தக்காரி என்று பெயர் அச்சிட்ட அரசு அடையாள அட்டையின் நகலை இணைக்கச் சொன்னார்கள். எந்தத் தாய் பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைப்பாள்? மூன்று வாரம் அவள் சோறு இறங்காமல் திரிந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டே காலுக்கு அவளுடைய நாத்தனார் கடைக்குள் புயலாய் நுழைந்தாள். நாத்தனாருக்குத் தபால் பட்டுவாடா வேலை. சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, சுவரில் சாய்த்துவிட்டு வந்திருந்தாள்.

"அண்ணி, இந்தக் கடுதாசியைப் பாருங்க! ஆபீஸ்ல எல்லாரும் திருப்பி அனுப்பணும்னு சொன்னாங்க. நான் பார்த்ததுமே பிடுங்கிட்டேன்."

உறையின்மேல் ஊர்ப் பெயரோடு இப்படி எழுதியிருந்தது: 'சத்தம் கேட்டே மெஷின் பார்க்கும் அக்கா. பின்னால் எப்போதும் பேருந்து ஹாரன் கேட்கும் இடம்.'

"இதை வெச்சா கண்டுபிடிச்சே?"

"இது போதாதா? போர்டுல இருக்கிற தெருப் பேரை நம்பினா நான் ஒரு கடுதாசிகூடக் குடுக்க முடியாது. என் நோட்டுல பாருங்க, பச்சைக் கேட்டு, மூணு நாய், கோவக்கார டாக்டர்னுதான் எழுதியிருக்கும். மத்தவங்க வெச்ச பேரு எனக்கெதுக்கு? படிங்க முதல்ல!"

எழுதியவர் ஏழு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கும் ஒரு லாண்டரிக்காரர். அவரிடம் இருப்பது ஒரே ஒரு பெரிய மெஷின். மூன்று வருடத்துக்கு முன்னால் அதில் டொக் டொக் என்று சத்தம் வந்தபோது சத்தக்காரிதான் போல்ட்டை இறுக்கச் சொன்னாள். இப்போது மறுபடி டொக். அதே போல்ட்டை இறுக்கியும் போகவில்லை. வலையில் சத்தக்காரி என்று தேடிப் போய்க் கேட்டிருக்கிறார். 'மெஷினை எடைக்குப் போட்டுவிடுங்கள், எங்களிடம் புதியது இருக்கிறது என்று பதில் சொன்னீர்கள் அக்கா. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பழைய இரும்புக்காரர் லாரியோடு வருகிறார். நீங்கள் சத்தத்தை அனுப்பச் சொல்லாமலே பதில் சொன்னது மனதை உறுத்துகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.' கடைசியில் அவருடைய வலைப் பெயர், வெள்ளைச்சட்டை. போன் எண் இல்லை.

சத்தக்காரியின் முகம் சிவந்தது. "நானா? எடைக்குப் போடுன்னு நானா சொல்வேன்? என் பேர்லயே சொல்லியிருக்கான் பாவி!"

"அப்புறம் திட்டலாம். இன்னிக்குத்தான் வெள்ளிக்கிழமை! நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள அந்த ஊர்த் தபாலாபீஸுக்கும் போன் போட்டுட்டேன், எடுக்க ஆளில்ல."

பெயர்ப் புத்தகத்தில் வெள்ளைச்சட்டையைத் தேடினாள். அப்படி ஒருவர் இல்லை என்றது. இருக்கமாட்டார்தான். நோட்டீஸை அழிக்கச் சொன்னதே அவள்தானே. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாத்தனார் மட்டும் விடவில்லை.

"அந்த மனுஷன் மூணு வருஷம் முன்னாடி சத்தம் அனுப்பினாருல்ல? அது எங்க?"

சத்தக்காரி ஒரு விநாடி விழித்தாள். அடுத்த விநாடி ஹெட்போனை மாட்டிவிட்டாள். பதிவுகள் எங்கும் போகவில்லை, இதே பெட்டிக்குள்தான் இருந்தன. ஒவ்வொரு பதிவின் காலடியிலும் அனுப்பியவரின் நாற்பது எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வருடத்து டொக் கட்டில் மொத்தம் முப்பத்தொன்று. ஒவ்வொன்றாகக் கேட்டாள். சின்ன டிரம், இல்லை. இது வீட்டு மெஷின். இது காசு மாட்டிய டொக். பத்தொன்பதாவதைப் போட்டதும் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தாள். பெரிய டிரம், சுற்றுக்கு ஒரு டொக், பின்னணியில் யாரோ துணியை உதறும் சத்தம்.

"இவர்தான்! இவரேதான்!"

மணி இரண்டு. நாற்பது எழுத்துக்கு நேராகச் செய்தி அனுப்பினாள். அவள் எழுதியதற்குக் கீழே சிவப்பில் ஒரு வரி தானாக ஒட்டிக்கொண்டது: 'பெயர் பதிவு செய்யாதவர், நம்ப வேண்டாம்.' கொழுப்பைப் பார்த்தீர்களா? பெயரைப் பிடுங்கிக்கொண்டவர்கள், பெயர் இல்லாதவளை நம்பாதே என்கிறார்கள். எதிர்பார்த்த மாதிரியே பதில் வந்தது: 'யாருங்க நீங்க? சத்தக்காரி பேர்ல நிறைய பேர் கிளம்பிட்டீங்களா?'

என்ன சொன்னால் நம்புவார்? எதுவும் சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அவர் அனுப்பிய சத்தத்தையே அவருக்குத் திருப்பி அனுப்பினாள். அதன் பின்னால் தன் குரலில், பேருந்து ஹாரன்களுக்கு நடுவே: "ஷ்ஷ்... பேசிட்டிருக்கா."

பதில் வர நாலு நிமிடம் ஆனது. நாத்தனார் நகத்தைக் கடித்தே தீர்த்துவிட்டாள். பிறகு பச்சை விளக்கு படபடவென்று அடித்தது. 'அக்கா! அக்கா! நீங்கதான்! இருங்க, இப்பவே ஓட்டிக் காட்டறேன்!'

புதுச் சத்தம் வந்தது. சத்தக்காரி கண்ணை மூடினாள். ஒருமுறை கேட்டாள், இரண்டாம் முறை கேட்டாள், மூன்றாம் முறை கேட்கும்போது சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இது டிரம் டொக்கே இல்ல. அடியில இருந்து வருது. மெஷினுக்கு ஒண்ணுமே இல்லைங்க, தரைக்குத்தான் வைத்தியம்! பின்னாடி இடது காலுக்குக் கீழ ஓடு உடைஞ்சிருக்கா பாருங்க. சுத்தும்போது கால் ஆடி ஆடித் தரையில இடிக்குது. ஒரு கனமான பலகையைச் செருகுங்க!"

மூன்றே முக்காலுக்கு அடுத்த பதிவு வந்தது. மெஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே ஒரு ஆணின் குரல்: "லாரியை வேற எடுத்துட்டு வந்துட்டேனே, இப்படிக் கடைசி நிமிஷத்துல இல்லேங்கறீங்களே!" சத்தக்காரியும் நாத்தனாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்த குதியில் மேசையிலிருந்த ஸ்குரூ டப்பா கவிழ்ந்தது.

ஆனால் அவள் குதித்து முடித்து உட்காரவில்லை. டொக், கிர்ர், கீச் என்று எல்லாக் கட்டுகளையும் திறந்தாள். ஒவ்வொருவர் சத்தத்தையும் அவரவர் நாற்பது எழுத்துக்கே திருப்பி அனுப்ப ஆரம்பித்தாள், கூடவே தன் குரலையும். 'பெயர்ப் புத்தகம் வேண்டாம். உங்க பெட்டியில சொந்தக் குறிப்புன்னு ஒரு இடம் இருக்கு. என் நாற்பது எழுத்தை அதுல போட்டு, உங்களுக்குப் பிடிச்ச பேரை எழுதிக்கோங்க. அதை எந்த ஆபீஸும் பிடுங்க முடியாது.' அந்த இடம் முதல் நாளிலிருந்தே எல்லாப் பெட்டியிலும் இருந்தது. சோம்பேறித்தனத்தில் ஒருத்தரும் தொடவில்லை.

பதில்கள் மழையாய்க் கொட்டின. நாத்தனார் உரக்கப் படித்தாள். ஒருவர் கீச் அக்கா என்று எழுதியிருந்தார். ஒருவர் பேரிங் சித்தி. ஒரு கிழவர், சண்டைக்காரி.

"இந்தக் கிழவருக்கு உங்களை நல்லாவே தெரிஞ்சிருக்கு அண்ணி."

"உன் போன்ல என்னை என்னன்னு வெச்சிருக்கே? காட்டு பாப்போம்."

"அதெல்லாம் பட்டுவாடா ரகசியம்" என்று நாத்தனார் போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

லாண்டரிக்காரர் மறுபடி வலையில் வந்தார். டொக் அக்கா என்று எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். அவர் பெட்டிக்கு ஒரு பெயர் எழுத சத்தக்காரியும் தன் சொந்தக் குறிப்பைத் திறந்தாள். கை நின்றுவிட்டது. இவ்வளவு நேரச் சந்தோஷத்தில் மறந்திருந்தது இப்போது நினைவுக்கு வந்தது. போனை வாயருகே கொண்டுபோய்ச் சொன்னாள்:

"நோட்டீஸை அழிக்கச் சொன்னது நான்தாங்க. வெள்ளைச்சட்டைங்கற உங்க பேரு என்னாலதான் போச்சு. மன்னிச்சிடுங்க. இப்ப உங்களை நான் என்னன்னு எழுதறது?"

அவர் குரலுக்குப் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க எதை வேணாலும் எழுதுங்க அக்கா. நீங்க கூப்பிட்டா நான் திரும்பிப் பாப்பேன்."